பத்தில் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த வலி?

மாதத்தில் மூன்று நாள். பெண் சுருண்டு படுத்திருப்பாள். பாட்டி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். மோரில் வெந்தயம் போட்டுக் கொடுப்பாள். "எனக்கும் இப்படித்தான் இருந்தது. உன் அம்மாவுக்கும் இப்படித்தான். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பாள்.

பல வீடுகளில் பாட்டியின் வாக்கு பலித்தும் விடுகிறது. மாதவிலக்கு வலி எல்லாமே வியாதி அல்ல.

ஆனால் சில பெண்களுக்கு அந்த வலி போவதே இல்லை. வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது. பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. வேலைக்குப் போக முடிவதில்லை. கல்யாணம் ஆகிறது. வலி தீரவில்லை. குழந்தையும் உண்டாகவில்லை. "எல்லாப் பெண்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். இவளுக்கு மட்டும் என்ன?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

இவளுக்கு மட்டும் என்ன? நல்ல கேள்விதான். உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் 100 ஆண்டுகளாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

அந்த வியாதியின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். வாயில் நுழையாத பெயர். ஆனால் அரிய வியாதி அல்ல. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருத்திக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டு இருக்கிறது. மொத்தம் சுமார் 19 கோடிப் பெண்கள்!

பாட்டி சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "உன் அம்மாவுக்கும் இப்படித்தான்" என்றாளே, அந்தச் சொல். அதற்குப் பிறகு வருவோம்.

இடம் மாறி வளரும் சவ்வு

கர்ப்பப்பையின் உட்சுவரில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மாதந்தோறும் அது தடித்துப் பஞ்சு மெத்தைபோல் ஆகும். கரு வந்தால் தங்குவதற்காக உடல் செய்யும் ஏற்பாடு அது. கரு தங்காவிட்டால் மெத்தை கலைந்து ரத்தத்தோடு வெளியேறிவிடும். அதுதான் மாதவிலக்கு.

இந்த வியாதி உள்ள பெண்களுக்கு, அதே மாதிரிச் சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியேயும் முளைத்துவிடுகிறது. சினைப்பையின் மேல் இருக்கும். குடலின் மேல் இருக்கும். மூத்திரப்பையின் மேல் இருக்கும். மிக அபூர்வமாக, சிலருக்கு நெஞ்சுக்குள் நுரையீரல் வரையிலும் போயிருக்கிறது!

இடம் மாறினாலும் குணம் மாறவில்லை. மாதம் பிறந்தால் அதுவும் தடிக்கிறது. அதுவும் ரத்தம் கசிகிறது. ஆனால் இந்த ரத்தத்துக்கு வெளியே போக வாசல் கிடையாது. தங்கிய இடத்தில் அழற்சி உண்டாகிறது. புண் ஆறும், தழும்பு விழும், மறுபடி புண்ணாகும். நாளடைவில் உள் உறுப்புகள் கோந்து தடவியதுபோல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கினால் கரும்பழுப்பு நிறத்தில் கெட்டியாகிவிடும். பார்ப்பதற்குச் சாக்லேட் குழம்பு மாதிரி இருப்பதால் டாக்டர்கள் அதற்குச் "சாக்லேட் கட்டி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இது புற்றுநோய் அல்ல. தொற்றுநோயும் அல்ல. பலருக்குக் குழந்தை பிறக்கத் தடை இருப்பதில்லை. சிலருக்கு இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம். பெரிய கட்டி உள்ள பெண் வலியே இல்லாமல் நடமாடுவாள். கடுகளவு புள்ளிகள் சில மட்டுமே உள்ள பெண் தரையில் விழுந்து துடிப்பாள். ஸ்கேன் படத்திலும் சிறு புள்ளிகள் தெரியாமல் போவது உண்டு. ஆகவே வலி தொடங்கி, வியாதியின் பெயர் தெரிவதற்குள் 4 முதல் 12 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

ஆல்பனி நகர டாக்டர்

கர்ப்பப்பைச் சவ்வு வெளியிடங்களிலும் இருப்பதை 1860-ல் வியன்னா நகரத்து டாக்டர் ரோகிடான்ஸ்கி எழுதிவைத்தார். அது எப்படி அங்கே போகிறது? அதற்கு ஒரு பதில் சொன்னவர் ஜான் சாம்ப்சன். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஆல்பனி நகரத்துப் பெண் மருத்துவ நிபுணர் அவர். "சாக்லேட் கட்டி" பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரை 1921-ல் வெளிவந்தது.

மாதவிலக்கு நாட்களில் ஆபரேஷன் செய்யும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். கர்ப்பப்பையிலிருந்து இரண்டு பக்கமும் கருக்குழாய்கள் போகின்றன. அவற்றின் முனை வயிற்றுக்குள் திறந்திருக்கும். அந்த முனையில் ரத்தம் சொட்டிக்கொண்டு இருந்தது!

கீழே போகவேண்டிய ரத்தம் பின்னோக்கியும் போகிறது என்று அவர் முடிவு கட்டினார். அந்த ரத்தத்தோடு சவ்வின் துணுக்குகளும் போகின்றன. விழுந்த இடத்தில் விதைபோல் முளைக்கின்றன. 1927-ல் இந்தக் கருத்தை விரிவாக வெளியிட்டார்.

இதற்குச் சாட்சிகள் உண்டு. சில பெண்களுக்குப் பிறவியிலேயே கீழ் வழி அடைபட்டிருக்கும். அவர்களுக்கு ரத்தம் முழுதும் பின்னால்தான் போகவேண்டும். இந்த வியாதியும் அவர்களுக்கு அதிகமாக வருகிறது. சிசேரியன் ஆபரேஷன் செய்துகொண்ட சில பெண்களுக்கு அந்தத் தழும்பிலேயே சிறு கட்டி தோன்றி, மாதந்தோறும் வீங்கி வலிப்பது உண்டு. ஆபரேஷனின்போது சிந்திய சவ்வு அங்கே முளைத்துவிட்டது என்று பொருள்.

1950-ல் பால்டிமோர் நகரத்து டாக்டர்கள் குரங்குகளை வைத்துச் சோதித்தார்கள். ஆபரேஷன் செய்து, மாதவிலக்கு ரத்தம் வயிற்றுக்குள்ளேயே விழும்படி செய்தார்கள். பாதிக் குரங்குகளுக்கு வியாதி வந்தது.

மறு பாதிக்கு வரவில்லை! ஏன்?

1984-ல் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாயிற்று. அமெரிக்க டாக்டர்கள் சிலர், மாதவிலக்கு நேரத்தில் பெண்களின் வயிற்றுக்குள் இருக்கும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் 100-க்கு 90 பேருக்கு அந்த நீரில் ரத்தம் இருந்தது.

அதாவது, பத்தில் ஒன்பது பெண்களுக்கு ரத்தம் பின்னோக்கிப் போகிறது. வியாதியோ பத்தில் ஒருத்திக்குத்தான் வருகிறது. விதை எல்லோருடைய வயிற்றிலும் விழுகிறது. ஒரு சிலர் வயிற்றில்தான் முளைக்கிறது.

அப்படியானால் மண்ணில் ஏதோ இருக்கிறது!

(சாம்ப்சன் சொன்ன வழி ஒன்றே வழி என்றும் சொல்ல முடியாது. பிராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பெண் ஹார்மோன் மருந்து நெடுநாள் சாப்பிட்ட ஆண்கள் ஒருசிலருக்கும் இந்த வியாதி வந்திருக்கிறது. ஆணுக்கு ஏது மாதவிலக்கு? வயிற்றின் உட்சுவரே சில சமயம் இப்படிச் சவ்வாக உருமாறக்கூடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.)

மண்ணின் குணம்

நம் ரத்தத்தில் காவல் அணுக்கள் இருக்கின்றன. வேண்டாத பொருள் எங்கே விழுந்தாலும் போய்த் துப்புரவு செய்வது அவற்றின் வேலை. பெரும்பாலான பெண்களுக்கு வயிற்றில் விழும் துணுக்குகளையும் அவைதான் அகற்றிவிடுகின்றன. இந்த வியாதி உள்ளவர்களிடம் அந்தக் காவல் சரியாக நடப்பதில்லை. சில காவல் அணுக்கள் சோம்பிவிடுகின்றன. வேறு சில, அகற்ற வேண்டியதை அகற்றாமல், புது ரத்தக் குழாய்கள் முளைக்க உதவி செய்கின்றன. திருடனுக்குக் காவல்காரனே ஏணி பிடித்த கதைதான்!

இன்னொரு தந்திரமும் உண்டு. சவ்வு வளர்வதற்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தேவை. அது சினைப்பையிலிருந்து வருகிறது. ஆனால் இடம் மாறிய சவ்வு அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. "போதும், நிறுத்து" என்று சொல்கிற ஹார்மோன் ஒன்று உண்டு. அதன் பெயர் புரொஜெஸ்டிரோன். அந்தக் குரலுக்கு இது செவி சாய்ப்பதும் இல்லை.

ஒரு பெண்ணின் உடலில் இப்படி நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடலில் நடக்கவில்லை. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது?

பாட்டியின் சொல்

இப்போது பாட்டி சொன்னதற்கு வருவோம்.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் மரபணுக்களில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பார்கள். தனித்தனிக் கருவில் உண்டான இரட்டையர் சாதாரண அக்காள் தங்கைபோல்தான். வளர்வது என்னவோ இரு வகையினரும் ஒரே வீட்டில்தான். முதல் வகையில் இருவருக்கும் ஒரே வியாதி அதிகமாக வந்தால், அது வழிவழியாக வருவது என்று தெரிந்துகொள்ளலாம். 1999-ல் ஆஸ்திரேலியாவில் 3,000-க்கும் மேற்பட்ட இரட்டைப் பெண்களை வைத்து இப்படிக் கணக்குப் போட்டார்கள். இந்த வியாதி வருவதில் பரம்பரையின் பங்கு 51 சதவீதம் என்று விடை வந்தது. 2015-ல் சுவீடன் நாட்டு இரட்டையரை வைத்துப் போட்ட கணக்கில் 47 சதவீதம்.

2023-ல், இந்த வியாதி உள்ள 60 ஆயிரம் பேருடைய மரபணுக்களை, இல்லாத 7 லட்சம் பேருடைய மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வியாதியோடு சம்பந்தப்பட்ட 42 இடங்கள் தெரியவந்தன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. எல்லாம் சேர்ந்துதான் மண்ணைப் பதப்படுத்துகின்றன.

ஆகவே தாய்க்கோ அக்காளுக்கோ இருந்தால் பெண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம். "உன் அம்மாவுக்கும் இப்படித்தான்" என்ற பாட்டி, உண்மையில் டாக்டருக்கு ஒரு துப்புக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்தச் சொல் வீட்டில் எதற்குப் பயன்படுகிறது? "அம்மாவுக்கு இருந்தது, உனக்கும் இருக்கும், பேசாமல் படு" என்பதற்கு. "அம்மாவுக்கு இருந்தது, உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்" என்பதற்கு அல்லவா பயன்பட வேண்டும்!

பரம்பரை பாதி. மற்றப் பாதி?

மாடிசன் குரங்குகள்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணம், மாடிசன் நகரம். அங்குள்ள சர்வகலாசாலையில் ரீசஸ் குரங்குகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. குரங்குகளின் தீனியில் "டையாக்சின்" என்ற விஷப்பொருளை மிக மிகச் சிறிய அளவில் கலந்தார்கள். எவ்வளவு சிறிய அளவு? லட்சம் கோடிப் பங்கு தீனியில் 5 பங்கு. இன்னொரு கூட்டத்துக்கு 25 பங்கு. 4 ஆண்டுகள் இப்படிக் கொடுத்துப் பிறகு நிறுத்திவிட்டார்கள். குட்டி போடுவதை இந்த விஷம் எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். எண்டோமெட்ரியோசிஸ் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

விஷத்தை நிறுத்தி 7 முதல் 10 ஆண்டுகளுக்குள் மூன்று குரங்குகள் செத்துப்போயின. வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே கடுமையான எண்டோமெட்ரியோசிஸ்!

மில்வாக்கி நகரத்தில் ஒரு சங்கம் இருந்தது. இந்த வியாதியால் துன்பப்பட்ட பெண்களே கூடி 1980-ல் தொடங்கிய சங்கம். குரங்குச் செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருந்த குரங்குகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிக்குத் துணையாக நின்றார்கள். முடிவு 1993-ல் வெளியாயிற்று.

குறைந்த அளவு விஷம் தின்ற 7 குரங்குகளில் 3-க்கு வியாதி கடுமையாக இருந்தது. அதிக அளவு தின்ற 7 குரங்குகளில் 5-க்கு இருந்தது. விஷமே கொடுக்காத குரங்குகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு இருந்தது. ஆனால் அவற்றுக்கு இவ்வளவு முற்றவில்லை.

உலகமே பரபரப்படைந்தது. "காரணம் கிடைத்துவிட்டது" என்று பலர் எழுதினார்கள். அவசரம்! 2001-ல் அதே குரங்குகளின் ரத்தத்தை மறுபடி ஆராய்ந்தார்கள். டையாக்சின் அளவைவிட, பி.சி.பி. என்ற வகையைச் சேர்ந்த வேறொரு ரசாயனத்தின் அளவுதான் வியாதியோடு ஒத்துப்போயிற்று. குரங்குகளும் மிகச் சொற்பம். குற்றவாளிக் கூண்டில் டையாக்சின் நின்றது உண்மை. தீர்ப்பு எழுதப்படவில்லை.

செவெசோ நகரத்துப் பெண்கள்

மனிதர்களுக்கு விஷம் கொடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் ஒரு விபத்து அந்தக் கொடுமையைச் செய்துவிட்டது.

1976-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி. சனிக்கிழமை. இத்தாலியில் மிலான் நகரத்துக்கு வடக்கே உள்ள செவெசோ என்ற ஊரின் அருகில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. பகல் 12.37 மணிக்கு அங்கே ஒரு கொதிகலனின் வால்வு வெடித்துத் திறந்தது. வெண்மேகம் ஒன்று கிளம்பி ஊர்மேல் படர்ந்தது. அதில் டையாக்சின் இருந்தது.

சில நாட்களில் கோழிகளும் முயல்களும் செத்து விழுந்தன. குழந்தைகளின் முகத்தில் கொப்புளங்கள் தோன்றின. இரண்டு வாரம் கழித்துத்தான் மிக மோசமான பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். மனிதர் யாரும் உடனே சாகவில்லை. ஆனால் பின்னால் என்ன வருமோ என்ற பயம் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

அப்போது அங்குள்ள டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மக்களிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மிச்சத்தைக் கொட்டிவிடாமல் உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். ரத்தத்தில் டையாக்சினைத் துல்லியமாக அளக்கும் வழி அந்த நாளில் இல்லை. பின்னால் வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது!

20 ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கெனாசி என்ற அம்மையாரும் இத்தாலிய டாக்டர்களும் அந்தப் பெண்களைத் தேடிப் போனார்கள். விபத்தின்போது கைக்குழந்தையாக இருந்தவர்களும் அவர்களில் உண்டு. 601 பெண்களின் பழைய ரத்தத்தையும் இப்போதைய உடல்நிலையையும் ஒப்பிட்டார்கள். 2002-ல் முடிவு வந்தது. 19 பெண்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது நிச்சயமாயிற்று. 277 பேருக்கு இல்லை என்பது நிச்சயம். மற்றவர்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தால்தான் அந்தக் காலத்தில் நிச்சயமாகத் தெரியும். ஆராய்ச்சிக்காக எல்லோரையும் அப்படிச் செய்ய முடியுமா?

ரத்தத்தில் டையாக்சின் அதிகம் இருந்தவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஆனால் ஆட்கள் குறைவு. தற்செயலாகவும் அப்படி வரலாம் என்று கணித சாஸ்திரம் கையை விரித்துவிட்டது.

இதில் ஏமாற்றம் இருக்கலாம். எனக்கு என்னவோ மரியாதைதான் தோன்றுகிறது. இத்தனை ஆண்டுகள் உழைத்த பிறகும், "இரண்டு மடங்கு" என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளாமல், "சந்தேகம் இருக்கிறது, நிரூபணம் இல்லை" என்று எழுதினார்களே!

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று மருந்துக் கடையிலிருந்து வந்தது. டி.இ.எஸ். என்பது செயற்கை ஈஸ்ட்ரோஜன். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். 1971-ல் கூடாது என்று சொன்னார்கள். அந்தத் தாய்மாரின் வயிற்றில் அப்போது இருந்த பெண் குழந்தைகள் வளர்ந்தார்கள். அமெரிக்க நர்சுகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 2004-ல் வெளிவந்தது. அப்படிப் பிறந்த பெண்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் வருவது 80 சதவீதம் அதிகம்! மண் பதப்படுவது சில பெண்களுக்குப் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறதோ என்று இதனால் எண்ணத் தோன்றுகிறது.

நம் ஊர்க் குப்பைமேடு

டையாக்சின் இத்தாலித் தொழிற்சாலையில் மட்டும் பிறப்பது அல்ல. பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் கொளுத்தினால் அந்தப் புகையிலும் பிறக்கிறது. மண்ணிலும் புல்லிலும் படிகிறது. மாடு மேய்கிறது. கொழுப்பில் தங்குகிறது. பாலில் வருகிறது. மனிதர் உடலில் சேரும் டையாக்சினில் 100-க்கு 90 பங்குக்குமேல் சாப்பாட்டின் வழியாகவே வருகிறது.

சென்னையில் பெருங்குடி குப்பைமேட்டின் அருகே வசித்த தாய்மார்களின் பாலை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வந்தது. வேறு இடத்துத் தாய்மார்களைவிட அவர்களிடம் டையாக்சின் வகைகள் அதிகமாக இருந்தன. அந்த வட்டாரத்து மாட்டுப்பாலின் வழியாக வந்திருக்கலாம் என்று எழுதினார்கள். அந்தத் தாய்மார்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் வந்ததா என்பதை அந்த ஆராய்ச்சி பார்க்கவில்லை. ஆகவே அதையும் இதையும் முடிச்சுப் போடக்கூடாது. இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை எவரும் நிறுத்தவும் கூடாது. தாய்ப்பாலின் நன்மை பெரிது. நிறுத்த வேண்டியது தெருமுனையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதை.

400 மாதவிலக்கு

ரசாயனத்தைவிட எளிய காரணம் ஒன்றும் இருக்கிறது. விதை எத்தனை தடவை விழுகிறது?

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் டோகன் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்களைப் பற்றி பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற அமெரிக்க அம்மையார் 1997-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். பல குழந்தைகள் பெற்று, நெடுநாள் பாலூட்டும் டோகன் பெண்ணுக்கு ஆயுளில் சுமார் 100 மாதவிலக்குத்தான். அமெரிக்கப் பெண்ணுக்குச் சுமார் 400!

சிறு வயதில் பெரியவளாகும் பெண்களுக்கும், 27 நாளுக்குள் அடுத்த மாதவிலக்கு வந்துவிடுகிற பெண்களுக்கும் எண்டோமெட்ரியோசிஸ் சற்று அதிகமாக வருவதாகப் பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. விதை அதிகம் விழுந்தால் முளைக்கும் வாய்ப்பும் அதிகம்.

இங்கேதான் ஒரு பழி பிறந்தது. 1940-களில் பாஸ்டன் நகரத்துப் பிரபல டாக்டர் ஜோ மெய்க்ஸ் என்பவர், வசதியுள்ள பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்துகொள்வதால்தான் இந்த வியாதி என்று எழுதினார். சீக்கிரம் மணந்து சீக்கிரம் பெறுங்கள் என்றார். வேலைக்குப் போகும் வெள்ளைக்காரப் பெண்களின் வியாதி என்றே பேச்சாகிவிட்டது. கறுப்புப் பெண்ணுக்கு அடிவயிறு வலித்தால் "கிருமித் தொற்று" என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். 1976-ல் சிகாகோ டாக்டர் டொனால்ட் சாட்மன், கறுப்புப் பெண்களின் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்தார். ஐந்தில் ஒருத்திக்கு மேல் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது! வியாதி அவர்களுக்கும் எப்போதும் இருந்துதான் வந்தது. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

கர்ப்பகாலத்தில் மாதவிலக்கு நின்றுபோவதால் வலி ஓய்வது உண்டு. அது ஓய்வுதான், குணம் அல்ல. வலியுள்ள பெண்ணுக்கு மருந்தாகக் கல்யாணத்தைச் செய்துவைப்பது அவளுக்கும் நியாயம் அல்ல, அவளை மணப்பவனுக்கும் நியாயம் அல்ல.

ஜப்பானிலிருந்து புதுச் செய்தி

2023-ல் ஜப்பானில் நகோயா சர்வகலாசாலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. பியூசோபாக்டீரியம் என்பது சாதாரணமாக வாயில் இருக்கும் கிருமி. இந்த வியாதி உள்ள பெண்களில் 64 சதவீதம் பேருடைய கர்ப்பப்பைச் சவ்வில் அந்தக் கிருமி இருந்தது. இல்லாத பெண்களில் பத்தில் ஒருத்திக்கும் குறைவு. எலிகளுக்குக் கிருமி நாசினி மருந்து கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன.

இது ஒரு நாட்டுப் பெண்களிடம் கண்டது. கிருமிதான் வியாதியைக் கொண்டுவருகிறதா, வியாதி உள்ள இடத்தில் கிருமி வந்து குடியேறுகிறதா என்பது வேறு இடங்களிலும் சோதித்துத் தெரிய வேண்டும். அதற்குள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஆண்டிபயாட்டிக் மாத்திரை வாங்கித் தின்றுவிடாதீர்கள்!

டாக்டரிடம் என்ன சொல்வது?

இந்த வியாதியை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கிவைக்க வழிகள் இருக்கின்றன. வலி மாத்திரை உண்டு. ஹார்மோன் மாத்திரை உண்டு. சிறு துளை போட்டு, குழாய்க் கருவியால் கட்டிகளையும் ஒட்டுக்களையும் நீக்கும் ஆபரேஷன் உண்டு. சிலருக்குத் திரும்பவும் வரலாம். குழந்தை வேண்டுபவர்களுக்குத் தனிச் சிகிச்சைகள் இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பெண் மருத்துவ நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடமோ வேலையோ கெடும்படி வலித்தால் போய்ப் பார்க்கவேண்டும். மாதவிலக்கு நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலித்தால் பார்க்கவேண்டும். தாம்பத்தியத்தில் வலி இருந்தாலும், கல்யாணமாகி ஓராண்டு ஆகியும் கரு தங்காவிட்டாலும் போகவேண்டும். தாய்க்கோ அக்காள் தங்கைக்கோ இப்படி இருந்தது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். கல்யாணமாகாத பெண் எப்படி இதையெல்லாம் பேசுவது என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். டாக்டருக்கு இது தலைவலி, காய்ச்சல் மாதிரிதான். தாயே கூடப் போய்ப் பேச்சைத் தொடங்கிவைத்தால் பெண் மீதியைச் சொல்லிவிடுவாள்.

போவதற்கு முன் ஒரு வேலை. வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும் அல்லவா? மாதவிலக்கு தொடங்கிய நாள், வலி தொடங்கிய நாள், எந்த இடத்தில் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டாள், எத்தனை நாள் படுத்தாள் என்பதை அந்தந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று மாதம் குறித்து வாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள்களையும் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள்.